ஏமாந்தவரைத் திட்டாதீர்கள்: சைபர் மோசடி பற்றிய கேள்விகளுக்குப் பதில்

வங்கிக் கிளையில் மோசடிப் புகார் வாங்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (சேலம்): சார், அப்பா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பார்சலில் போதைமருந்து இருந்தது, மும்பை போலீஸ் பேசுகிறோம் என்று சொல்லி ரெண்டு நாள் வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டார்கள். எஃப்டியை உடைத்து நேற்று ஒன்பது லட்சம் அனுப்பிவிட்டார். "படிச்சவருக்கு இதுகூடவா தெரியாது" என்று அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறார்.

பதில்: முதலில் உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காலமெல்லாம் சட்டத்துக்குப் பயந்து நடந்தவரிடம் காக்கிச் சட்டையைக் காட்டினால் கை நடுங்கத்தான் செய்யும். இதேபோல ஏமாந்து என்னிடம் வந்த ஒரு பெரியவர், போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, பாத்ரூம் போகக்கூட வீடியோ காலில் இருந்த போலி போலீஸிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அடுத்த அறையில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் சொன்னால் அவரையும் கைது செய்வோம் என்று மிரட்டல். வீட்டு ஆட்களிடமிருந்து பிரித்துவிட்டால் மோசடிக்காரர்களின் வேலை முடிந்தது. இப்போது நாமும் திட்டினால் மிச்ச விவரத்தையும் அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

இப்படி வீடியோ காலிலேயே பிடித்து வைப்பதை 'டிஜிட்டல் கைது' என்கிறார்கள்; நம் சட்டத்தில் அப்படி ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். இப்போதே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் ஓர் அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே முடக்கப் பார்ப்பார்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: போன பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியினுடையதும் இல்லை என்றால், பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போனது உங்கள் பொறுப்பு.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, நண்பன் கேட்டான் என்று என் அக்கவுண்டைக் கொடுத்தேன், கமிஷன் ஐயாயிரம். இப்போது அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள்.

பதில்: தம்பி, உன் அக்கவுண்டுக்கு வந்தது யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த எஃப்டி பணமாக இருக்கலாம். போலீஸ் முதலில் வந்து நிற்பது உன் ஆதார் விலாசத்தில்தான். இதுபற்றி நண்பனோடு போனில் நடந்த உரையாடல் எதையும் அழித்துவிடாதே. அப்பாவிடம் சொல்லி, ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நீயாகவே போ.

கேள்வி (வயது 24): தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால். என்னை ஆடையில்லாமல் பதிவு செய்துவிட்டார்கள். பதினைந்தாயிரம் கொடுத்தேன், மறுபடி கேட்கிறார்கள். வெளியே தலைகாட்ட முடியாது போலிருக்கிறது.

பதில்: இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். அதே 1930-இல் புகார் கொடுங்கள். அனுமதியில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற தளத்தில் அந்த வீடியோவுக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாக்கலாம். வீடியோ உங்கள் போனை விட்டுப் போகாது. அந்தக் குறியீட்டை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதைத் தடுக்க முடியும்.

தப்பு செய்தது மிரட்டுகிறவன், நீங்கள் இல்லை. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள். இன்று ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். மனசு தாங்காவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.