மழையா கோயிலுக்கு நடந்தது?

கேள்வி: ஐயா, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள் கட்டுரையில் ‘வாக்கிங் டு த டெம்பிள், த ரெயின் சோக்ட் மீ’ என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். என்ன தப்பு?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ‘கோயிலுக்கு நடந்து போகும்போது மழை என்னை நனைத்தது’ என்று தமிழில் தாராளமாக எழுதலாம். போனவர் ஒருவர், நனைத்தது இன்னொன்று; ‘போகும்போது’ அதைத் தாங்கும். ஆங்கிலத்தில் ‘வாக்கிங்’ என்று தொடங்கினால், காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் எழுவாய்தான் நடந்ததாக அர்த்தம். இங்கே நிற்பது மழை. ‘வாக்கிங் டு த டெம்பிள், ஐ காட் சோக்ட் இன் த ரெயின்’ என்று மாற்றட்டும். மழையையே எழுவாயாக வைக்க ஆசையா? சரி, ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்’ என்று தொடங்கினால் போதும்.

அப்புறம், நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் ‘வித்’ (with) என்ற ஆங்கிலச் சொல். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தாத்தாவின் கத்தியைப் பற்றி ‘ஹி கேவ் த நைஃப் டு த பாய் வித் எ பெண்ட் பிளேட்’ என்று எழுதினால், வளைந்த அலகு பையனிடம் போய்விடும். ‘த நைஃப் வித் எ பெண்ட் பிளேட்’ என்று கத்தியோடு ஒட்டி வைக்க வேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில (1119) எழுத்துத் தாளில், முடித்ததும் இந்த இரண்டையும் மட்டும் தனியாக ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.