இரு மொழி வகுப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் மட்டுமே நடத்த வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். அப்படி நடத்தினால் பாதி வகுப்புக்குப் புரிவதில்லை. தமிழில் விளக்கினால் புரிகிறது. ஆனால் தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வராமல் கைடை மனப்பாடம் செய்கிறார்கள். எது சரி?
– ஆசிரியை ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

தமிழில் விளக்குவதை நிறுத்தாதீர்கள். பாட மொழியும் பேச்சு மொழியும் ஒன்றல்ல என்பதைக் கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கே, அன்றாடப் பேச்சு ஓரிரு ஆண்டுகளில் வந்துவிட்டாலும், பாடத்தைப் படித்து எழுதும் அளவுக்கு மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலத்தைக் கேட்டறியாத நம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் அமைதிதான் மிஞ்சும். (அதிகாரிகள் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் ஆங்கிலம் ஒலிக்கும் வகுப்புகளை நீங்களும் அறிவீர்கள்.)

ஆயினும் உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியர் பாடநூலில் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்து, உடனே அதைத் தமிழில் சொல்கிறார். அடுத்த நொடியே தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரியைக் காதில் வாங்குவதே இல்லை. இரு மொழிகளையும் ஆசிரியரே பேசி முடித்துவிடுவதால், மாணவர் தம் வாயால் ஒரு ஆங்கில வாக்கியமும் சொல்லாமலேயே பாடவேளை முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர் தேர்வுக்குக் கைடை நாடாமல் என்ன செய்வார்?

வெல்ஷும் ஆங்கிலமும் வழங்கும் வேல்ஸ் நாட்டின் இருமொழி மேல்நிலை வகுப்புகளை ஆராய்ந்த கென் வில்லியம்ஸ், 1994-இல் பாங்கர் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் ஒரு முறையை விவரித்தார். மாணவர் ஒரு மொழியில் படிப்பார் அல்லது கேட்பார். அதைப் பற்றி மற்ற மொழியில் பேசுவார் அல்லது எழுதுவார். மொழி மாறும் இடம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. மொழி மாறுபவர் மாணவர்.

மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்னும் ஓம் விதியை எடுத்துக்கொள்வோம். மின்கலங்கள், மின்தடை, ரியோஸ்டாட் (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அம்மீட்டர், வோல்ட்மீட்டர் ஆகியவற்றை இணைத்துவிட்டுக் குழுக்களாக அமர்த்துங்கள். ரியோஸ்டாட்டை நகர்த்தும்போது இரண்டு முள்ளும் என்ன ஆகின்றன என்று அவர்கள் தமிழிலேயே பேசட்டும், சண்டை போடட்டும். 1.5 வோல்ட்டுக்கு 0.3 ஆம்பியர், 3 வோல்ட்டுக்கு 0.6 ஆம்பியர் என்று அளவீடுகள் வந்தபின், வகுத்தால் இரண்டிலும் 5 ஓம் கிடைப்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். அதன்பிறகு, ‘ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறது’ என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தின் முதல் பாதியைக் கரும்பலகையில் எழுதி, மறுபாதியை ஒவ்வொரு குழுவும் எழுதச் செய்யுங்கள். கடைசிப் பத்து நிமிடங்கள் அதற்கே ஒதுக்கப்பட வேண்டும். பிழையோடு எழுதினாலும் அது அவர்கள் புரிந்துகொண்டு எழுதியது, திருத்துவது எளிது. அந்தக் குறிப்பேடுகளைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். விளக்கம் சொல்வதைவிட அது பயன் தரும்.

என் மகன் எட்டாம் வகுப்பு. ஒரே வாக்கியத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்துதான் பேசுகிறான். இரண்டுமே அரைகுறையாகிவிடாதா?
– வாசகர் ஒருவர், கோவை

பேச்சில் கலப்பதை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. நியூயார்க்கில் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசி வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்து மொழியியலாளர் ஷானா பாப்லாக் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், வாக்கியத்துக்குள்ளேயே மொழி மாறிப் பேசியவர்கள் பெரும்பாலும் இரு மொழிகளிலும் தேர்ந்தவர்களே என்று காட்டினார். நம் பிள்ளைகள் ‘டிவைட் பண்ணினேன்’ என்னும்போதும் வாக்கியத்தைத் தாங்குவது தமிழ் இலக்கணம்தான். கவனிக்க வேண்டியது எழுத்து. அன்று படித்த பாடத்தைப் பற்றி முழுவதும் தமிழில் ஒரு பத்தியும் முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியும் எழுதச் சொல்லிப் பாருங்கள். எதில் தடுமாறுகிறானோ அதில் வாசிப்பைக் கூட்டுங்கள். பேச்சை இடைமறித்துத் திருத்தினால் அவன் உங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வான்.

கொழும்பில் தரம் 8-இல் இருமொழிக் கல்விப் பிரிவில் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்மொழியில் விளக்குங்கள் என்ற ஆலோசனை எனக்கு எப்படிப் பொருந்தும்?
– ஆசிரியர் ஒருவர், இலங்கை

அப்படியே பொருந்தாது. இலங்கையில் 2000-களின் தொடக்கத்தில் இருமொழிக் கல்வி தொடங்கப்பட்டபோது, இன நல்லுறவும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. அத்தகைய வகுப்பில் ஆசிரியர் சிங்களத்துக்கு மாறினால் ஒரு பகுதிப் பிள்ளைகளும், தமிழுக்கு மாறினால் மற்றொரு பகுதிப் பிள்ளைகளும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். ஆகவே முழு வகுப்பிடம் பேசும்போது எளிய ஆங்கிலம், படம், செய்முறை ஆகியவற்றோடு நின்றுகொண்டு, தாய்மொழியைச் சிறு குழுக்களின் பேச்சுக்கு விடுங்கள். முதலில் ஒரே மொழிக் குழுக்கள் சில நிமிடங்கள் பேசட்டும். பிறகு குழுக்களைக் கலைத்துக் கலந்து அமர்த்தினால், தாம் கண்டதை எதிரே இருப்பவருக்கு ஆங்கிலத்தில் சொல்லியே ஆக வேண்டிய தேவை தானாக வந்துவிடும். தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் ஓசூர்ப் பக்கத்து ஆசிரியர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.