பேத்தி என்ன கேட்டாள்?

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். அதில் ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போகாமல் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். பால் மணம் மாறாத பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போதே வேண்டுமா? நல்ல கதைகளே கிடைக்கவில்லையா?
- ஒரு பாட்டி, அழகாபுரம், சேலம்.

பதில்: நல்ல கதை என்று எதைச் சொல்கிறீர்கள்? பஞ்சத்துக்குப் பிறந்த வீடு தேடிப்போய், அண்ணி சோறு போடாததால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாளே நல்லதங்காள், அதையா? பாம்பு கடித்த மகனை எரிக்கக் கால் பணமும் முழத்துண்டும் இல்லாமல் சந்திரமதி சுடுகாட்டில் நின்றதையா? இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நம் தலைமுறை சோறு தின்றது. அப்போது திரியாத பால், கொலுசுப் பட்டறை என்றதும் திரிந்துவிட்டதாக்கும்!

நல்லதங்காள் என்றைக்கோ செத்தவள். பட்டறைச் சிறுமியோ டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடும் தூரத்தில் இருப்பவள். உங்களுக்கு உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் பிள்ளைகள் வேலை செய்ததை 1990-களிலேயே அறிக்கைகளில் எழுதிவிட்டார்கள். 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கூடவே, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். நம்மூரில் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிற தொழில். அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவோடு உட்கார்ந்து சலங்கை கோக்கிற பிள்ளையும் ஒன்றாம் வகுப்பில்தான் படிக்கிறது. புத்தகத்தில் தன் வீட்டைப் பார்க்க அதற்கு ஆசை இருக்காதா? எத்தனை காலத்துக்குத்தான் அதுவும் ராஜா வீட்டுக் கதையையே படிக்கும்?

எல்லாப் புத்தகத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பணக்காரப் பிள்ளை தன் பழைய பொம்மையை ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் புத்தகங்கள் நிறைய வருகின்றன. அவற்றை எடைக்குப் போடலாம். ஆறு வயதுக்குச் சொல்லக் கூடாத கதையும் உண்டு. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் நம் சேலத்தில்தான் தொடங்கியது. அது ஏன் வந்தது என்பதை நான் படக்கதை ஆக்க மாட்டேன். 'அப்ப என்னையும் கொன்னுருப்பீங்களா, ஆயா?' என்று குழந்தை கேட்டுவிட்டுத் தூங்காமல் கிடக்கும். பட்டறைச் சிறுமியின் கதை அப்படிப்பட்டதல்ல. 'அவ ஏன் ஸ்கூலுக்கு வரல?' என்று கேட்கத் தோன்றும், பதிலும் சொல்லிவிடலாம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். பேத்தி அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு என்ன கேட்டாள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் அவள் கேள்வியைப் போடுகிறேன்.