வலைப்பூவுக்கு மெட்டா டேக் எப்படி அமைப்பது? போட்டால் தேடலில் முன்னால் வருமா?

பிளாக்கரிலோ வேர்ட்பிரஸிலோ தமிழில் எழுதுபவர் எந்தெந்த மெட்டா டேக்குகளைப் போட வேண்டும், அதனால் கூகுளில் இடம் முன்னேறுமா என்பது கேள்வி. மெட்டா டேக் என்பது பக்கத்தைப் பற்றித் தேடுபொறிக்கும் உலாவிக்கும் சொல்லும் நிரல் வரி.

பக்க நிரலின் தொடக்கத்தில் உள்ள ஹெட் பகுதியில் இருப்பவற்றில் தரவரிசைக்கு உண்மையாக உதவுவது டைட்டில். கறாராகப் பார்த்தால் அது மெட்டா டேக்கே கிடையாது, தனி டேக். ஆனாலும் எல்லோரும் சேர்த்தேதான் பேசுகிறார்கள். தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதில் முப்பது சொற்களை அடுக்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு நல்ல டைட்டில் எழுதியிருக்கலாம். பதிவின் சுருக்கத்தைச் சொல்லும் டிஸ்கிரிப்ஷனும் தரவரிசைக் கணக்கில் வராது, கிளிக் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. பக்கத்தைத் தேடலில் சேர்க்கலாமா என்று சொல்லும் ரோபோட்ஸும், பக்கத்தின் மூல முகவரி எது என்று சொல்லும் கேனானிக்கலும் சரியாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தவறினால் பதிவே தேடலிலிருந்து காணாமல் போகும்.

டைட்டிலில் தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல் முதலில் வர வேண்டும். 'என் குறிப்பேடு: பராமரிப்புக் குறிப்புகள், பாகம் 3' என்பதை யாரும் தேடப்போவதில்லை. 'மிதிவண்டிச் செயின் கழல்வது ஏன்? சரிசெய்யும் முறை' என்றால் தேடுபவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். பிளாக்கரின் பழைய வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) வலைப்பூவின் பெயரை முன்னாலும் பதிவின் தலைப்பைப் பின்னாலும் வைக்கும். பெயர் நீளமாக இருந்தால் தேடல் முடிவில் அது மட்டுமே தெரிந்து, தலைப்பு வெட்டுப்படும். பதிவுப் பக்கங்களில் பதிவின் தலைப்பு மட்டும் வரும்படி வார்ப்புருவை மாற்றுங்கள். பெயரும் வேண்டுமென்றால் கடைசியில் போதும்.

நீளத்துக்கு 60 எழுத்து என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, திரையில் பிடிக்கும் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் சீக்கிரமே வெட்டுப்படும். போதாக்குறைக்கு, செருகுநிரல்களில் (பிளகின்) உள்ள எழுத்து எண்ணிகள் யூனிகோடு குறிகளை எண்ணுகின்றன. 'மிதிவண்டி' நமக்கு 5 எழுத்து. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே சேர்வதால் எண்ணிக்கு அது 9. எண்ணி பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிராமல், முக்கியமான சொற்களை முதல் நான்கைந்து சொற்களுக்குள் முடித்துவிடுங்கள்.

இதே 9 குறிகள் பதிவின் இணைய முகவரியிலும் வந்து நிற்கும். ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் போகும்போது விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ஆக, 'மிதிவண்டி' ஒன்றே 81 இடத்தை விழுங்கிவிடும். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்குவது 200 இடம், அதாவது 22 குறிகள். மீதித் தலைப்பு பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். பிளாக்கர் தமிழ்த் தலைப்பை முகவரியில் எடுத்துக்கொள்வதே இல்லை, 'பிளாக்-போஸ்ட்' என்று எதையோ வைத்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே, பதிவின் முகவரியைத் தரும் பெர்மாலிங்க் பகுதியில், ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களாக நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் உடையக்கூடும்.

கூகுள் சில சமயம் நாம் தந்த டைட்டிலை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் காட்டும். ஒரே டைட்டில் பல பக்கங்களில் இருப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது, பக்கத்தின் பெரிய தலைப்போடு ஒத்துப்போகாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். டைட்டிலும், எச்1 எனப்படும் அந்தப் பெரிய தலைப்பும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லட்டும்.

டிஸ்கிரிப்ஷனுக்கு இரண்டு வாக்கியம் போதும், ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக எழுத வேண்டும். 'கியர் மாற்றும்போது செயின் கழல்கிறதா? லிமிட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது, தேய்ந்த பல்சக்கரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, படங்களுடன்' என்று உள்ளே என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். தேடிய சொல்லுக்குப் பொருத்தமான வரி பதிவுக்குள்ளேயே இருந்தால் கூகுள் அதை எடுத்துக் காட்டும், அதைத் தடுக்க வேண்டியதில்லை. பிளாக்கரில் செட்டிங்ஸ் பக்கத்தின் மெட்டா டேக்ஸ் பகுதியில் சர்ச் டிஸ்கிரிப்ஷனை இயக்கினால்தான் பதிவு எழுதும் பக்கத்தில் அதற்கான பெட்டி வரும். அதைத் தெரியாமல் வார்ப்புருவில் நேரடியாக ஒரு டிஸ்கிரிப்ஷனை ஒட்டிவிடுபவர்கள் பலர். முந்நூறு பதிவுக்கும் ஒரே விவரம் வந்து நிற்கும்.

பெரிய சேதம் ரோபோட்ஸ் டேக்கில்தான் நடக்கிறது. வேர்ட்பிரஸின் ரீடிங் செட்டிங்ஸில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு பெட்டி இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் எல்லாப் பக்கத்திலும் நோஇண்டெக்ஸ், அதாவது 'தேடலில் சேர்க்காதே' என்ற கட்டளை ஏறிவிடும். தேடலுக்காகப் போடும் இரண்டு எஸ்இஓ செருகுநிரல்கள் சேர்ந்து ஓடி, ஒன்று இண்டெக்ஸ் என்றும் மற்றது நோஇண்டெக்ஸ் என்றும் சொன்னால் கூகுள் கடுமையானதையே எடுத்துக்கொள்ளும். மறைக்க நினைத்த பக்கத்தை, தளத்தின் robots.txt என்ற ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால் விளைவு தலைகீழ். கூகுள் பக்கத்தைத் திறந்தால்தானே உள்ளே உள்ள நோஇண்டெக்ஸைப் படிக்கும்? படிக்க வழியில்லாததால், வேறு தளங்களில் இணைப்பு இருந்தால் வெறும் முகவரி தேடலில் தோன்றலாம். 'இண்டெக்ஸ், ஃபாலோ' (தேடலில் சேர், இணைப்புகளைப் பின்தொடர்) என்று தனியாகப் போடத் தேவையில்லை, எதுவும் போடாவிட்டால் அதுதான் பொருள்.

கேனானிக்கல் அந்தந்தப் பதிவின் சொந்த முகவரியைக் காட்ட வேண்டும். வார்ப்புருவில் முகப்புப் பக்க முகவரியையே எழுதிவைத்தால், எல்லாப் பதிவும் முகப்பின் நகல் என்று நீங்களே கூகுளிடம் சொல்வதாகிவிடும். பிளாக்கரும் வேர்ட்பிரஸும் பதிவுகளுக்கு இதைத் தானாகவே சரியாகப் போடும், மேலே இன்னொன்றை ஒட்டாதீர்கள்.

ஓப்பன் கிராஃப் டேக்குகள் சமூக வலைத்தளங்களில் பகிரும்போது படமும் தலைப்பும் வருவதற்கானவை. படம் 1200-க்கு 630 பிக்சல் இருக்கட்டும். தேடல் தரவரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வேலை செய்யவில்லை என்றால் ஹெட் பகுதி உடைந்திருக்கலாம். விளம்பர நிரலோ பார்வையாளர் எண்ணியோ தரும் துண்டில் படம், டிவ், ஐஃபிரேம் என்று ஹெட்டுக்குள் வரக்கூடாத ஏதாவது இருந்து, அதை ஹெட்டின் நடுவில் ஒட்டினால், அந்த இடத்தோடு ஹெட் முடிந்ததாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும். கீழே உள்ள கேனானிக்கல் முதலானவை கணக்கில் வராது. டைட்டிலையும் மற்ற டேக்குகளையும் மேலே ஏற்றி, வெளித் துண்டுகளைக் கீழே தள்ளுங்கள். எழுத்துக்குறியாக்கத்தைச் சொல்லும் டேக் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிய வாய்ப்புண்டு.

மாற்றியதும் பதிவுப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து டிஸ்கிரிப்ஷன் ஒன்று, கேனானிக்கல் ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், நோஇண்டெக்ஸ் என்றும் தேடிப் பாருங்கள். முகப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், அதன் டேக்குகள் வேறு. பிறகு கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை ஓட்டிவிட்டு, இண்டெக்ஸ் செய்யக் கோருங்கள். தேடல் முடிவில் மாற்றம் தெரியச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அதே முகவரியைத் தினமும் கோருவதால் வேகம் கூடாது.