அவகேடோ கன்று வாடுகிறதா? உரத்தை எடுக்குமுன் மண்வெட்டியை எடுங்கள்

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டு விளையில் சித்திரை மாதம் இரண்டு ஒட்டு அவகேடோ கன்றுகள் நட்டேன். தென்னங்கன்றுக்கு எடுப்பதுபோல இரண்டடிக் குழி எடுத்து, அடியில் சாணம் போட்டு, சுற்றித் தடம் கட்டி, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது ஆடி மழையில் ஒரு கன்றின் இலைகள் வெளிறித் தொங்குகின்றன. தென்னைக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றில் இலை நுனி கருகுகிறது. யூரியா வைக்கலாமா? கொட்டையிலிருந்து முளைத்த கன்று ஒன்றும் பையில் இருக்கிறது, அதை நட்டால் காய்க்குமா?"

யூரியா வேண்டவே வேண்டாம். முதல் கன்று பசியில் வாடவில்லை, மூச்சுமுட்டி வாடுகிறது.

அவகேடோவின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். சருகு மூடிய, தண்ணீர் நிற்காத காட்டு மண்ணில் வளர்ந்த மரம் அது. உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடிக்குள்ளேயே படர்ந்திருக்கும், வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. குழியும் தடமும் தென்னைக்குச் சரி. அவகேடோவுக்கு அதே குழி, மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அப்படித் தேங்கும் இடத்தில்தான் பைட்டாப்தோரா சின்னமோமி என்ற கிருமி வேரை அழுக வைக்கிறது. மிளகுக் கொடியை ஒரே மழையில் சாய்த்துவிடும் வாடல் நோயை நம்மூரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம்.

உறுதி செய்துகொள்வது எளிது. கன்றின் மூட்டிலிருந்து, அதாவது அடித்தண்டிலிருந்து, ஒரு சாண் தள்ளி, விரலாலேயே மண்ணை மெல்லக் கிளறுங்கள். நூல் போன்ற வேர்கள் தட்டுப்படும். நல்ல வேர் பால்நிறத்தில் இருக்கும், நுனி வெள்ளையாகத் தெரியும். அழுகிய வேர் கறுத்திருக்கும், தொட்டால் ஒடியும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்குகிறது என்றால், வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் தவிக்கிறது என்றே அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு, 'வாடுகிறதே' என்று மேலும் ஊற்றுவதால்தான் பல வீடுகளில் கன்று போகிறது.

இன்றைக்கே தடத்தின் கரையை உடைத்து, தாழ்வான பக்கமாக ஒரு சால் கீறி, தண்ணீரை வெளியே விடுங்கள். மழை விட்டு ஆவணியில் மண் கொஞ்சம் உலர்ந்ததும் கன்றை வேர்மண் உடையாமல் தோண்டி எடுத்து, மேட்டில் நடுங்கள். மேடு ஒன்றரை அடி உயரம், நாலைந்து அடி அகலம் இருக்கட்டும். மேல்மண்ணோடு நன்றாக மட்கிய தொழுவுரம் கொஞ்சம் கலந்தால் போதும். குழியின் அடியில் சாணம் போடும் வழக்கம் இந்த மரத்துக்கு ஆகாது. அது மட்க மட்கக் கன்று கீழே இறங்கி, மூடு மண்ணுக்குள் புதைந்துவிடும். ஒட்டுப் பகுதி எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள்.

மேட்டின் மேல் சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பலாம். ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். மேட்டைக் கொத்தவே கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள், வேர் அவ்வளவு மேலே இருக்கிறது.

மருந்து என்று பார்த்தால், மிளகுக்கு வாங்கும் பொட்டாசியம் பாஸ்போனேட் இந்த வேரழுகலுக்கும் உலகமெங்கும் பயன்படுகிறது. அளவைப் பொட்டலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து மேட்டில் இடலாம். அதோடு தாமிர மருந்தை ஊற்றினால் அந்த நல்ல பூஞ்சையும் செத்துவிடும், இரண்டும் சேர்ந்து வேண்டாம். வடிகாலைச் சரிசெய்யாமல் எந்த மருந்து ஊற்றினாலும் காசுதான் வீண். நோயுள்ள மூட்டில் பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த கன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணோடு கிருமியும் போகும்.

இனி இரண்டாவது கன்று. இலை நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகி வருவது பெரும்பாலும் உப்பின் வேலை. தென்னை மூட்டில் கல்லுப்பு போடும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? மழையில் அது கரைந்து அவகேடோ வேருக்கு வந்திருக்கும். பழமரங்களில் உப்பை இவ்வளவு தாங்காதது குறைவு. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்ற உரத்திலும் கல்லுப்பில் உள்ள அதே குளோரைடு இருக்கிறது, அதையும் தவிர்த்து சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் இதே கருகல் வரும். மேட்டில் வடிகால் நன்றாக இருந்தால் நல்ல மழையே உப்பைக் கழுவிவிடும்.

உரம் எப்போது? புதுத் துளிர் இரண்டு சுற்று வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. அதுவரை நிழல்தான் மருந்து. முதல் வருஷம் மேற்குப் பக்கம் ஒரு ஓலையைச் சாய்த்து வையுங்கள். வெயில் நேரே படும் தண்டில் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பூசலாம். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து வாசகர்கள் கம்பு ஊன்றிக் கட்ட மறக்க வேண்டாம். இதன் கிளை அந்தக் காற்றுக்கு நிற்காது. கட்டுவதைப் பழைய துணியால், இறுக்காமல் கட்டுங்கள்.

ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாஸ் என்று எழுதி ஒட்டியதைப் பார்த்து வாங்காதீர்கள். அது மிதமான குளிர் பிடிக்கும் ரகம். தாழ்வான, வெப்பமான ஊருக்கு மேற்கிந்திய இனமே ஏற்றது. திண்டுக்கல் மாவட்டத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் வெளியான டி.கே.டி. 1 ரகம் கூட மலைப்பகுதியில் தேர்வானதுதான். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் மண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கொட்டைக் கன்று காய்க்கும். ஆனால் தாய்ப்பழம் போலவே வரும் என்று சொல்ல முடியாது, ஐந்தாறு வருஷமோ அதற்கு மேலோ காத்திருக்கவும் வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு வருஷத்தில் பூ பார்க்கலாம். அதற்காகக் கொட்டைக் கன்றைத் தூக்கி எறியாதீர்கள். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, தண்டு பென்சில் கனம் வந்ததும், பக்கத்தில் நன்றாகக் காய்க்கும் மரம் இருந்தால் அதிலிருந்து ஒரு குச்சி வாங்கி ஒட்டுக்கட்டச் சொல்லுங்கள். ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிற ஆட்கள் குலசேகரம் பக்கம் இருப்பார்கள், அவர்களுக்குக் கை பழகிய வேலை.