14 வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை. மொபைல் ஆப் போட்டுக் கொடுத்தால் அவளே பார்த்துக்கொள்வாளா?

பாதி வேலையைப் பார்த்துக்கொள்வாள். மீதி, அந்த ஆப்பை வைத்து நீங்கள் இருவரும் என்ன பேசி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. என் மகனுக்கு ஆறாம் வகுப்பில் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை, வந்தது, இப்போது பிளஸ் டூ. நான் டாக்டர் இல்லை, ஊசி அளவைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆப் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பழைய சுகர் நோட்டுக்குப் பதிலாக வந்தது. குத்திப் பார்த்த அளவு, சாப்பிட்டது, போட்ட இன்சுலின் யூனிட் எல்லாம் அதில் ஏற வேண்டும். மைசுகர் அப்படிப்பட்டது. சர்க்கரையை ஒரு குட்டி அரக்கனாகக் காட்டி, பதியப் பதியப் புள்ளி கொடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 14 வயதில் அந்த அரக்கன் எத்தனை நாள் செல்லுபடியாவான் என்பது சந்தேகம்தான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கனடாவில் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து, டைப் 1 உள்ள வளரிளம் பருவத்தினருக்காகவே 'பேன்ட்' என்று ஓர் ஆப் செய்தார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங்கின் பெயர். முதலில் 20 பிள்ளைகளிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பரிசும் உண்டு என்பதால், ஒரு நாளைக்குக் குத்திப் பார்ப்பது சராசரியாக ஐம்பது சதவீதம் கூடியது. அப்புறம் 92 பேரை வைத்து ஒரு வருடம் முறையாகச் சோதித்தார்கள். 2017-ல் வந்த அந்த முடிவில், ஆப் வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆப் கையில் இருந்து, தினம் ஐந்து தடவையோ அதற்கு மேலோ பார்த்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இரண்டாவது ரகம், மேல்கையில் ஒட்டிய சென்சாரிலிருந்து அளவை எடுத்துக் காட்டுவது. எங்கள் வீட்டில் நிலைமை மாறியது இதனால்தான். எண்ணோடு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியும் தெரியும். 110 என்று பார்த்து நிம்மதியாக விளையாடப் போகிறவன், அம்பு கீழே பார்த்தால் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் போவான். இதை யாரும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே அளவை உங்கள் போனிலும் பார்க்கலாம் என்பதில்தான் வம்பு. ஆபீசில் உட்கார்ந்தபடி '220 காட்டுதே, என்ன தின்ன?' என்று கேட்க ஆரம்பித்தால், அடுத்த வாரமே பகிர்வை அணைத்துவிடுவார்கள். இந்த வயதில் வளர்ச்சி ஹார்மோன்களும் இன்சுலினை மல்லுக்கட்டித் தடுக்கும். ஒன்றுமே தின்னாமல்கூட எகிறும். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இதுதான்: 70-க்குக் கீழே போனால் இரண்டு போனிலும் அலாரம் அடிக்கும். அவன் சர்க்கரையோ ஜூஸோ எடுத்துக்கொள்வான். கால் மணி நேரத்தில் ஏறவில்லை என்றால்தான் நான் கூப்பிடுவேன். 250-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால், 'கீட்டோன் பார்த்தியா?' என்று ஒரே ஒரு மெசேஜ் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம் அது, மிஞ்சினால் ஆபத்து). மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிராப்பைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். வீட்டுக்குள் நுழைந்ததும் எண்ணைக் கேட்பதில்லை. ராத்திரி அலாரம் மட்டும் என் பொறுப்பு, தூக்கத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது.

ராத்திரி இன்னொரு தொல்லை. சென்சார் உள்ள கையின்மேல் படுத்துவிட்டால், சர்க்கரை இறங்காமலே இறங்கியதாக, இல்லாத லோ-வைக் காட்டும். அதோடு, சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் பார்க்கிறது. அதனால் அளவு வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். உடம்பு ஒன்று சொல்லி ஆப் வேறு சொன்னால் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்பும் மீட்டரும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாட்டுக் கணக்கில் ஆப்பை ரொம்ப நம்பாதீர்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்று காட்டும், சரிதான். ஆனால் உங்கள் வீட்டுக் கரண்டிக்கு எத்தனை கிராம்? சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, மகளையே சில நாள் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பழகிவிடும்.

பள்ளியில் போன் விடமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது: டைப் 1 பிள்ளைகள் வகுப்பிலேயே அளவு பார்க்கலாம், ஊசி போடலாம், தின்னலாம். தேர்விலும் சென்சார் கழற்ற வேண்டியதில்லை, போனைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து வைக்கலாம். அந்தக் கடிதத்தையும் டாக்டர் சீட்டையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

செலவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆப் இலவசம், சென்சார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில ஆயிரம். தொடர்ந்து முடியாதவர்கள் பரீட்சை நேரம், ஊசி அளவு மாற்றும் நேரம் என்று பார்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். மற்ற நாட்களில் மீட்டர், கூடவே அந்த இலவச நோட்டு ஆப். எதில் தொடங்கினாலும், சர்க்கரை எந்த அளவுக்குப் போனால் நீங்கள் போன் செய்யலாம் என்பதை மகளே சொல்லட்டும். டாக்டர் சரி என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.