ஸ்ட்ரெய்ட்னரை மூட்டை கட்டியாச்சு, இப்ப என்னத்த வாங்கலாம்? (கேள்வி-பதில்)

முடிக்கு சூடு வைக்கிறத நிறுத்திட்டோம்னு சொல்ற லெட்டர்தான் இந்த தடவை நெறைய. சந்தோஷம். ஆனா அப்படி சொல்ற எல்லாரும் அடுத்த வரியிலயே "அப்ப எதை வாங்கட்டும்"னு கேக்கறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு தலை சுத்துது. ஒரு பழக்கத்தை விடறதுக்கு ஷாப்பிங் லிஸ்ட் எதுக்கு? சரி, லெட்டருக்கு வருவோம்.

கேள்வி: தினமும் ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணிட்டிருந்தேன், நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. முடி முன்னாடிய விட மோசமா தெரியுது, நுனி எல்லாம் ரெண்டா மூணா பிளந்து நிக்குது. 'டேமேஜ் ரிப்பேர்'னு ஷாம்பூ, மாஸ்க், சீரம் சேர்த்து ஒரு காம்போ ஆஃபர்ல வருது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தலைக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற முடியில உயிர் கிடையாது, உயிர் இருக்கறது தோலுக்குள்ள வேர்ல மட்டும்தான், அதனாலதான் வெட்டுனா வலிக்கறதில்ல. உயிர் இல்லாத பொருள் தன்னால ஆறாது. சீரம் என்ன பண்ணும்னா சிலிகான் ஒரு படலமா மேல படியும், தொட்டா வழவழன்னு இருக்கும், நுனி ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியும், ரெண்டு தடவை தலைக்கு ஊத்துனா பழையபடி பிளந்துக்கும். பிளந்த நுனிக்கு மருந்து கத்திரிக்கோல் மட்டும்தான்.

முன்னாடிய விட மோசமா தெரியறது ஏன்னா, அந்த ஸ்ட்ரெய்ட்னர்தான் முடியை கெடுத்துட்டு அதே கையோட தட்டையா அழுத்தி பளபளன்னு காட்டி மறைச்சும் வச்சிருந்துச்சு. இப்ப மறைக்க ஆள் இல்ல. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், இல்ல கொஞ்சம் கூட வளரும், அவ்வளவுதான். நீங்க நிறுத்தின அப்புறம் வந்த நல்ல முடி இப்போதைக்கு ஸ்கேல்ப்பை ஒட்டி ஒரு நகம் அளவு. தோள் வரைக்கும் முடி இருக்கறவங்களுக்கு சூடு படாத முடியா முழுசா மாற ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டு ஏதோ ஒரு சாதா கண்டிஷனர் போட்டுட்டு இருங்க.

இதே மாதிரி காம்போ ஒண்ணு என் பாத்ரூம் ஷெல்ஃப்லயும் பாதி பாதி டப்பாவா நிக்குது. அதுல மாஸ்க்கையும் கண்டிஷனரையும் திருப்பி பின்னாடி இருக்கற லிஸ்ட்டை படிச்சேன், அச்சு அசலா ஒண்ணே. மாஸ்க் டப்பாவுக்கு வாய் அகலம், விலை ரெட்டிப்பு.

கேள்வி: 'ஹீட்லெஸ் கர்ல்ஸ் கிட்', சாட்டின் ராட், கிளிப், ஸ்க்ரஞ்சி எல்லாம் சேர்த்து வருது. காசு குடுக்கலாமா?

பதில்: பழைய காட்டன் டி-ஷர்ட் ஒண்ணை நீளமா கிழிச்சு அதுல முடியை சுத்துங்க. அடுத்த கேள்வி.

கேள்வி: மேல சொன்ன மாதிரி கிட் நான் ஏற்கனவே வாங்கிட்டேன். தலைக்கு குளிச்ச கையோட இறுக்க சுத்திட்டு தூங்கறேன், காலையில கர்ல் சூப்பர். ஆனா நெத்தி ஓரத்துல முடி உடைஞ்சு உடைஞ்சு வருது. சாமான் மட்டமா?

பதில்: சாமான் மேல தப்பில்ல. ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், பலமும் காஞ்ச முடியை விட கம்மி. அந்த நேரத்துல இறுக்கி சுத்தி, அது மேலயே ராத்திரி பூரா புரண்டா உடையாம என்ன பண்ணும்? முக்கால்வாசிக்கு மேல காயட்டும், அப்புறம் தளர்வா சுத்துங்க. லேசான ஈரம் போதும், ஏன்னா தண்ணி பட்டா முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்பு விட்டுக்கும், காயும்போது என்ன ஷேப்ல இருக்கோ அப்படியே திரும்ப பிடிச்சுக்கும், சூடும் இதே வேலையத்தான் அவசரமா பண்ணுது. நெத்தி ஓரத்துல வலிக்கற மாதிரி தினமும் இழுத்துட்டே இருந்தா பின்னாடி வேரே கெட்டுப் போய் அந்த எடத்துல முடி முளைக்காமலே போகலாம், ஜாக்கிரதை.

கேள்வி: வீட்டுல ஸ்ட்ரெய்ட்னர் யூஸ் பண்றத விடணும்னு ஒரு சலூன் போய் கேட்டேன். கெரட்டின் ட்ரீட்மென்ட் எடுத்துக்கோங்க, அப்புறம் சூடே வேண்டாம், இது ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ, முடிக்கு சத்துன்னு சொன்னாங்க. ஒரு மாச சம்பளத்துல பெரிய பங்கு போச்சு. பண்ணும்போதே கண்ணு எரிஞ்சு தண்ணி கொட்டுச்சு, தொண்டை கரகரன்னு ஆச்சு. நார்மல்தான்னுட்டாங்க. மூணு மாசத்துல முடி கொத்து கொத்தா உடையுது. கேட்டா 'நீங்க கேர் எடுத்துக்கல'ன்றாங்க. நான்தான் ஏமாளியா?

பதில்: இல்லவே இல்லம்மா. நீங்க நல்லதுன்னு நெனச்சு கேட்டீங்க, அவங்க தெரிஞ்சோ தெரியாமயோ பொய் சொன்னாங்க. முதல்ல அந்த 'சூடே வேண்டாம்' கதைய பாருங்க. அந்த ட்ரீட்மென்ட்ல மருந்தை தடவிட்டு அது மேல ஸ்ட்ரெய்ட்னரை பொதுவா 230 டிகிரி வரைக்கும் வச்சு ஒவ்வொரு கொத்தா பல தடவை இழுப்பாங்க. அதாவது சூட்டை விடணும்னு வந்த ஆளுக்கு வீட்டுல அவங்க வச்சதை விட பெரிய சூட்டை வச்சு அனுப்பியிருக்காங்க.

அடுத்தது அந்த 'ஃப்ரீ'. 2011லயே அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு பாக்கற ஓஷாவும், உணவு மருந்து கட்டுப்பாடு பாக்கற எஃப்டிஏவும் இதைப் பத்தி எச்சரிச்சாச்சு, ஃபார்மால்டிஹைடு இல்லைன்னு லேபிள் போட்ட சாமான்லயே அது இருந்துச்சு. அதுல தந்திரம் என்னன்னா லிஸ்ட்ல மெத்திலீன் கிளைக்கால், ஃபார்மலின்னு வேற பேர்ல எழுதுவாங்க, சூடு பட்டதும் வெளிய வர்றது அதே வாயுதான். கண்ணு எரிஞ்சு தொண்டை கரகரன்னா அதுதான் முதல் சந்தேகம். மனுஷங்களுக்கு கேன்சர் வரவழைக்கும்னு உறுதி பண்ணின பட்டியல்ல இருக்கற பொருள் அது. இப்ப அதுக்கு பதிலா கிளையாக்சிலிக் ஆசிட் போட்டு 'புது ஃபார்முலா'ன்னு விக்கறாங்க. 2024ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல வந்த கேஸ்ல ஒரு இளம்பெண்ணுக்கு சலூன்ல ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணின மூணு தடவையும் கிட்னி பாதிச்சிருந்துச்சு, அந்த கிரீம்ல இருந்தது இந்த ஆசிட்தான். அதனால பேர் மாறிடுச்சுன்னு யாரும் நிம்மதியா இருக்க வேண்டாம்.

நீங்க இப்ப செய்ய வேண்டியது: என்ன பிராண்ட் போட்டாங்க, பாட்டில் பின்பக்க போட்டோ குடுங்கன்னு எழுத்துல கேளுங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுவும் ஒரு ஆதாரம். பில், அவங்க அனுப்பின மெசேஜ், விளம்பரத்து ஸ்க்ரீன்ஷாட், உடைஞ்ச முடியோட போட்டோ எல்லாம் தேதியோட எடுத்து வைங்க. தோல் டாக்டர் ஒருத்தர்ட்ட காட்டி ரிப்போர்ட் வாங்கிட்டு நுகர்வோர் புகாரா குடுங்க. 'நோ ரீஃபண்ட்'னு பில்லுல அச்சடிச்சிருந்தா பயந்துக்காதீங்க, இல்லாததை இருக்குன்னு சொல்லி வித்தவனுக்கு அந்த ஒரு வரி கவசம் ஆகாது. காசு வருதோ இல்லையோ, எழுத்துல போன புகார் அடுத்து அந்த சேர்ல உக்கார்ற பொண்ணுக்கு உதவும்.

கேள்வி: ஹேர் ட்ரையரையும் தூக்கிப் போட்டுடணுமா? முடி காய அரை நாள் ஆகுது.

பதில்: தூக்கிப் போடாதீங்க. ட்ரையரும் ஸ்ட்ரெய்ட்னரும் ஒண்ணு கிடையாது. 2011ல கொரியாவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 15 சென்டிமீட்டர் தள்ளி, ஆட்டிக்கிட்டே, முடி மேல சுமார் 47 டிகிரி சூடு படற மாதிரி காய வச்சதுல, தானா காய விட்ட முடியை விட உள்பக்க பாதிப்பு கம்மியா இருந்துச்சு, ஏன்னா ரொம்ப நேரம் ஊறியே கிடக்கறதும் முடிக்கு நல்லதில்லையாம். அதே ட்ரையரை 5 சென்டிமீட்டர் கிட்ட கொண்டு போனா சூடு 95க்கு எகிறுது. கை நீட்டிப் பிடிங்க, ஆட்டுங்க, முக்கால்வாசி காஞ்சதும் நிறுத்துங்க. புதுசா 'அயானிக்'னு போட்ட ட்ரையர் வாங்காதீங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு, நீல லைட் எரியுது, சத்தம் போடுது, சூடு பழைய ட்ரையர் அளவேதான்.

கேள்வி: ஆன்லைன்ல சீப்பா ஒரு ஸ்ட்ரெய்ட்னர் வாங்கினேன், பிராண்ட் பேர் ஞாபகம் இல்ல, பில் இல்ல, பெட்டிய தூக்கிப் போட்டுட்டேன். டிகிரி எதுவும் காட்டாது, சிவப்பு லைட் பச்சை லைட்தான். ஈர முடியில வச்சா புஸ்னு ஆவி வரும், நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். இப்ப முடி நடுவுலயே உடையுது. கம்பெனி மேல கேஸ் போடலாமா?

பதில்: எந்த கம்பெனி மேல? பேர் ஞாபகம் இல்லன்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க.

ஈர முடியில சூடு தட்டு வச்சு ஆவி வந்தா அது வேலை செய்யற சத்தம் இல்ல, முடிக்குள்ள இருக்கற தண்ணி கொதிச்சு குமிழ் குமிழா வெடிக்கற சத்தம். 'பபுள் ஹேர்'னே இதுக்கு பேர் இருக்கு, மைக்ராஸ்கோப்ல பாத்தா முடி உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும், அந்த எடத்துலதான் உங்களுக்கு உடையுது. 125 டிகிரி கர்லரை ஒரு நிமிஷம் பிடிச்சாலே வரும்னு பாத்திருக்காங்க. யூஸர் மேனுவல்ல முதல் பக்கத்துலயே 'காஞ்ச முடியில மட்டும்'னு இருந்திருக்கும், அது பெட்டியோட போயிடுச்சு.

சரி, உங்களை திட்டுனது போதும், எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சலா இருக்கற விஷயத்துக்கு வர்றேன், இந்த லைட் சமாச்சாரம். நேரா தலைக்கு கொண்டு போற சாமான், என்ன டிகிரில இருக்குன்னே காட்டாம ஒரு பச்சை லைட்டை எரிய விட்டு 'ரெடி'ன்னா என்ன அர்த்தம், எதுக்கு ரெடி? காஞ்ச முடியோட கெரட்டின், அதாவது முடியை உருவாக்கற புரதமே, உருக்குலையற சூடு கிட்டத்தட்ட 230 டிகிரி, ஈரமா இருந்தா 120லருந்து 150க்குள்ளயே ஆட்டம் கண்டுடும். இப்ப பெட்டிய பாருங்க, '230 டிகிரி வரை!'ன்னு கொட்டை எழுத்துல ஆச்சரியக்குறியோட போட்டிருப்பான், பேப்பர் பத்திக்கற சூட்டுக்கு பக்கம் அது, இதுல பெருமை என்ன வேண்டியிருக்கு? மெல்லிய முடிக்கு 150ஐ தாண்ட அவசியமே இல்ல, கெட்டி முடிக்கும் 180 சுமார் போதும். 'செராமிக்'னு போட்டிருப்பான், முக்கால்வாசி சீப் சாமான்ல அது அலுமினியத்து மேல பூச்சு, ஓரத்துல உரிய ஆரம்பிச்சா அந்த எடம் முடியை பிடிச்சு இழுக்கும். டைட்டானியம்னா சீக்கிரம் சூடேறும், முடிக்கு அதனால ஒரு லாபமும் இல்ல. இவ்வளவு பெருமையும் பெட்டி முன்னாடி இருக்கும், சூட்டை குறைக்க ஒரு பட்டன் மட்டும் இருக்காது. நான் ஒரு கார்ட்லெஸ் வாங்கினேன், அதுல டிஸ்ப்ளே எல்லாம் ஜோரா இருந்துச்சு, பாதி தலை முடியறதுக்குள்ள பேட்டரி செத்துடும், மீதி பாதியோட வெளிய போகணும். அதை விடுங்க. டிகிரி மாத்தற வசதி இல்லாத எதையும் வாங்காதீங்க, பில்லை ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க, இதை எழுதி எழுதி எனக்கு கை வலிக்குது.

கேள்வி: ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே அடிச்சா 230ல வைக்கலாம்தான? பாட்டில்ல 'ஃபுல் ப்ரொடெக்ஷன் 230'ன்னு இருக்கு.

பதில்: கூடாது. அது சூட்டை கொஞ்சம் சமமா பரப்பும், வேகத்தை குறைக்கும், தடுக்காது. அடிச்சதும் ஈரம் காயறதுக்குள்ள தட்டை வச்சீங்கன்னா மேல ஒருத்தங்களுக்கு சொன்ன குமிழ் கதைதான்.

கேள்வி: சூட்டால உடைஞ்ச முடிக்கு பயோட்டின் கம்மீஸ் (பி வைட்டமின் மிட்டாய்) சாப்பிடலாமா? ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார்.

பதில்: வாயில போட்டது ஏற்கனவே வெளிய வந்த முடிக்கு போகாது. பயோட்டின் குறைபாடே அபூர்வம், குறைபாடு இல்லாதவங்களுக்கு அதனால பெருசா பலன் தெரியறதில்ல. அதோட அதிக டோஸ்ல எடுத்தா ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை தப்பா காட்டும், ஹார்ட் அட்டாக்குக்கு பாக்கற ட்ரோபோனின் டெஸ்ட்டையே குழப்பும்னு 2017ல எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு. டெஸ்ட் எடுக்கப் போனா சாப்பிடறத டாக்டர்ட்ட மறைக்காதீங்க. இன்னொண்ணு, கொட்டற முடியோட ஒரு முனையில குட்டியா வெள்ளைக் குமிழ் இருந்தா அது வேரோட வருது, நாளுக்கு 50லருந்து 100 வரைக்கும் எல்லாருக்கும் சகஜம், அதுக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க. ரெண்டு முனையும் மொட்டையா இருந்தா உடையுது, ஸ்ட்ரெய்ட்னரை எங்க வச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: '90 நாள் ஹீட் டீடாக்ஸ் பிளான்'னு ஒரு ஆப்ல முதல் மாசம் ஃப்ரீன்னு சேர்ந்தேன். ரெண்டு தடவை காசு எடுத்துட்டாங்க, டப்பா ஒண்ணும் வரல. கேன்சல் பட்டனே காணோம், மெயிலுக்கு பதில் இல்ல. தப்பு என் மேலதானோன்னு யார்ட்டயும் சொல்லல.

பதில்: சேர பெரிய பட்டன் வச்சுட்டு வெளிய போக பட்டன் ஒளிச்சு வச்சவனுக்குத்தான் கூச்சம் வரணும், உங்களுக்கு எதுக்கு? இன்னைக்கே பேங்க்ல சொல்லி அந்த ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்க, ஆப்பை டெலீட் பண்றதால அது நிக்காது. சாமான் வரலைன்னு சொல்லி எடுத்த காசுக்கு பேங்க்லயே டிஸ்ப்யூட் போடுங்க, அதுக்கு கெடு இருக்கும், தள்ளிப் போடாதீங்க. அனுப்பின மெயில் எல்லாத்தையும் அழிக்காம வைங்க. அந்த 'டீடாக்ஸ்'ல என்ன அனுப்பறதா இருந்தாங்கன்னு நீங்க இணைச்ச படத்துல பாத்தேன், ஒரு சீப்பு, ஒரு எண்ணெய், ஒரு கேலண்டர். வராததுல நஷ்டம் காசு மட்டும்தான்.

கேள்வி: பழைய ஸ்ட்ரெய்ட்னரை வித்துடவா, இல்ல எப்பவாவது ஒரு விசேஷத்துக்கு வச்சுக்கவா?

பதில்: டிகிரி குறைக்கற வசதி இருந்து, தட்டு உரியாம இருந்தா வச்சுக்கோங்க, எப்பவோ ஒரு நாள் நல்லா காஞ்ச முடியில, கொத்துக்கு ஒரே இழுப்புன்னு பண்ணினா ஆகாயம் இடிஞ்சு விழாது. கைப்பிடிக்கு பக்கத்துல ஒயர் சுத்தற எடத்தை மட்டும் வளைச்சுப் பாருங்க, அங்க வெடிப்பு இருந்தா விக்கவும் வேண்டாம், சொந்தக்காரப் பொண்ணுக்கு தானம் பண்ணவும் வேண்டாம், ஒயரை வெட்டிட்டு இ-வேஸ்ட்ல போட்டுடுங்க.